வேலூர்ப் பக்கத்து வீட்டுக்கு எது சரி: கேபிளா, ஃப்ரீ டிஷ்ஷா, கட்டண டிடிஎச்-ஆ, நெட்டா?

புது வீடு கட்டியவர்கள், கேபிள் ஒயர் வந்து சேராத தோட்டத்து வீட்டுக்காரர்கள், மாதாமாதம் ரீசார்ஜ் செய்து அலுத்துப்போனவர்கள் என்று பலரும் கேட்கும் கேள்வி இது. அணைக்கட்டு, ஒடுகத்தூர், பேர்ணாம்பட்டுப் பக்கத்திலிருந்து கேட்பவர்கள் அதிகம். கேள்வி பெரும்பாலும் "எது மலிவு?" என்றுதான் தொடங்குகிறது.

மலிவை மட்டும் பார்த்தால் பதில் ஒரே வரி. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதக் கட்டணமே கிடையாது, அதை வாங்கி மாட்டுங்கள். ஆனால் மாட்டிய அன்று சாயங்காலமே "சீரியல் எங்கே?" என்று வீட்டில் கேட்பார்கள். அதனால் மலிவைக் கடைசியில் வைத்துக்கொள்வோம். என்னைக் கேட்டால், நம் பக்கத்தில் இதைத் தீர்மானிக்க வேண்டியது இரண்டு விஷயங்கள்: வீட்டில் தினமும் எதைப் பார்க்கிறார்கள், படம் நின்றுபோனால் யார் வந்து சரிசெய்வார்.

## எதை வைத்துப் பார்ப்பது

வீட்டில் பார்க்கும் சேனல் என்ன? இதை நேர்மையாக எழுதிப் பாருங்கள். முந்நூறு சேனல் வருகிறது என்று பெருமையாகச் சொன்னாலும் ஒரு வீட்டில் தினமும் ஓடுவது ஐந்தாறுதான்.

வீடு எங்கே இருக்கிறது? சத்துவாச்சாரியிலும் காட்பாடியிலும் நான்கு வழியும் கிடைக்கும். பீஞ்சமந்தை போன்ற மலைக்கிராமத்தில் வானத்தை நம்புவதுதான் வழி.

மழையிலும் கரண்ட் போகும்போதும் என்ன ஆகும்? நான்கு வழிகளும் இந்த இரண்டிலும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன. கடைக்காரர் இதைச் சொல்லவே மாட்டார்.

மூன்று வருடத்துக்கு மொத்தச் செலவு எவ்வளவு? மாதக் கணக்கு ஏமாற்றும்.

கடைசியாக, ரிப்பேர். மொட்டை மாடியில் ஏறி டிஷ்ஷைத் திருப்பி வைக்க ஆள் ஒரே நாளில் வருவாரா, ஒரு வாரம் ஆகுமா?

## முதலில், வானத்தில் இருப்பது என்ன

டிடிஎச்சுக்கு மட்டும்தான் சாட்டிலைட், கேபிளுக்குத் தேவையில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கேபிள் கட்டுப்பாட்டு அறையின் மாடியில் ஆளுயரத்துக்கும் மேல் பெரிய டிஷ்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். சேனல்களை அவர்கள் எடுப்பதும் சாட்டிலைட்டிலிருந்துதான். அங்கிருந்து உங்கள் வீட்டுக்கு ஒயரில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தச் சாட்டிலைட்டுகள் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அந்த உயரத்தில் ஒரு சுற்று முடிய ஆகும் நேரமும் பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற ஆகும் நேரமும் ஒன்று: 23 மணி 56 நிமிடம். அதனால் நமக்கு அது அசையாமல் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கிறது. டிஷ்ஷை ஒருமுறை திருப்பி முடுக்கிவிட்டால் போதும் என்பதற்குக் காரணம் இதுதான்.

வேலூர் ஏறக்குறைய 13 பாகை வடக்கில் இருக்கிறது. காவலூரின் வைணு பாப்பு வானாய்வகத்திலிருந்து தென்வானத்தையும் நன்றாகப் பார்க்க முடிவது நிலநடுக்கோட்டுக்கு நாம் இவ்வளவு பக்கத்தில் இருப்பதால்தான். அதே காரணத்தால் இந்தச் சாட்டிலைட்டுகளும் நமக்கு நன்றாக உச்சியில் நிற்கின்றன. ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15, கிழக்கு தீர்க்கரேகை 93.5 பாகையில் இருக்கிறது. வேலூரிலிருந்து பார்த்தால் தென்கிழக்குத் திசையில், தரையிலிருந்து சுமார் 67 பாகை உயரம். டாடா ப்ளே பயன்படுத்தும் ஜிசாட்-24 இருப்பது 83 பாகையில். அது தெற்கே சற்றுக் கிழக்காக, 74 பாகை உயரத்தில் இருக்கும்.

"எங்கள் ஊரைச் சுற்றி மலை, டிஷ் எடுக்குமா?" என்று கேட்பவர்களுக்கு இதில் பதில் இருக்கிறது. 67 பாகை உயரத்தில் இருப்பதை ஒரு பொருள் மறைக்க வேண்டுமானால், அது நிற்கும் தூரத்தைப்போல் இரண்டேகால் மடங்குக்கும் மேல் உயரம் இருக்க வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் மலை, உங்கள் மாடியைவிட இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் உயர்ந்திருந்தால்தான் மறைக்கும். ஜவ்வாது மலையில் அப்படி ஒரு சிகரம் கிடையாது. செல்போன் டவரை மறைக்கும் அதே மலையால் சாட்டிலைட்டை மறைக்க முடியாது. கவனிக்க வேண்டியது வீட்டை ஒட்டி நிற்கும் தென்னை, மா, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றைத்தான்.

மரம் மறைக்கிறதா என்று பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்களுக்கு, காலை பதினொரு மணி வாக்கில், சூரியன் நமக்கு 93.5 பாகைச் சாட்டிலைட்டின் நேர் பின்னால் வரும். அந்தச் சில நிமிடம் படம் உடைவதும் அதனால்தான். பாக்ஸ் கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். அந்த நேரத்தில் டிஷ் வைக்கப்போகும் இடத்தில் போய் நின்று பாருங்கள். அங்கே எதன் நிழல் விழுகிறதோ அதுதான் சிக்னலையும் மறைக்கும். நிழல் இல்லாவிட்டால் இடம் சரி.

## டிடி ஃப்ரீ டிஷ்

2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கிய சேவை. டிஷ், அதன் முன்னால் சிக்னலை வாங்கும் எல்.என்.பி. என்ற சின்னக் கருவி, பாக்ஸ், ஒயர் எல்லாம் சேர்த்து ஒருமுறை 1,500 முதல் 2,000 ரூபாய் வரை ஆகும். அப்புறம் மாதச் சந்தா இல்லை, முகவரிச் சான்று இல்லை, பெயர்ப் பதிவும் இல்லை.

குறை எங்கே என்றால் தமிழில்தான். டிடி தமிழ் வரும். 2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்ததுதான் அது. சன் டிவி, விஜய், ஜீ தமிழ் போன்ற கட்டணச் சேனல்களை இதில் எதிர்பார்க்காதீர்கள். தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுத்துத்தான் உள்ளே வருகின்றன. அதில் முந்துவது இந்திச் சேனல்கள். ஏலம் முடிந்ததும் பட்டியல் மாறும், அப்போது பாக்ஸில் மறுபடி ஸ்கேன் செய்ய வேண்டும். "சேனல் போய்விட்டது" என்று வரும் புகார்களில் பல இதோடு தீர்ந்துவிடும்.

மறைந்திருக்கும் செலவு ஒன்று உண்டு. கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் பழைய எம்பெக்-2 பாக்ஸில், படத்தைச் சுருக்கி அனுப்பும் புதிய முறையான எம்பெக்-4-ல் வரும் சேனல்கள் தெரியாது. இருநூறு முந்நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் அப்புறம் இன்னொரு பாக்ஸ் வாங்க வேண்டிவரும். ரிப்பேருக்கும் அழைக்க ஒரு நிறுவனம் இல்லை. மாட்டிக் கொடுத்த ஆளையே கூப்பிட வேண்டும்.

இது பொருந்தும் வீடுகள் நம் பக்கத்தில் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடியில் உருது பேசும் வீடுகளுக்கு டிடி உருது வருகிறது. சித்தூர் எல்லையை ஒட்டித் தெலுங்கு பேசுபவர்களுக்கு டிடியின் தெலுங்குச் சேனல்கள் உண்டு. சிஎம்சிக்குச் சிகிச்சைக்காக வந்து வாரக்கணக்கில் அறை எடுத்துத் தங்குபவர்களில் வங்காளம், ஜார்க்கண்ட் பக்கத்துக் குடும்பங்கள் அதிகம். அவர்களுக்கு அறை விடுபவர்கள் ஒரு ஃப்ரீ டிஷ் மாட்டிவைத்தால் மாதச் செலவே இல்லாமல் இந்திச் செய்தியும் படமும் கிடைக்கும். செய்தியும் டிடி தமிழும் போதும் என்று இருக்கும் பெரியவர்களுக்கும் இதுவே போதும்.

## கட்டண டிடிஎச்

தோட்டத்து வீட்டில் தமிழ்ச் சீரியலும் ஐபிஎல்லும் வேண்டும் என்றால் பெரும்பாலும் இதுதான். கருவிக்கு 1,500 முதல் 2,000 ரூபாய், தமிழ்ப் பேக்குக்கு மாதம் 200 முதல் 300 ரூபாய் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். எச்டி சேர்த்தால் இன்னும் ஏறும்.

இதன் பலம், கரண்ட் போகும்போது தெரியும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் டிவி, பாக்ஸ், டிஷ் மூன்றும் உங்கள் கையில். தெருவில் யார் வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் உங்களுக்குப் படம் வரும். கோடையில் கரண்ட் அடிக்கடி போய் வரும் கிராமங்களில் இது சின்ன விஷயமில்லை.

பலவீனம் மழை. ஃப்ரீ டிஷ்ஷுக்கும் இதே கதைதான். இரண்டும் வருவது கேயு அலைவரிசையில், அலைநீளம் இரண்டரை சென்டிமீட்டர் வாக்கில். அலை குட்டையாக ஆக ஆக மழைத்துளி அதை அதிகமாக விழுங்கும். கேபிள்காரரின் பெரிய டிஷ் எடுக்கும் சி அலைவரிசையின் அலைநீளம் அதைப்போல் மூன்று மடங்கு என்பதால் அவருக்கு மழைத் தொல்லை குறைவு. வேலூரில் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே சாயங்காலம் இடியோடு மழை தொடங்கிவிடும், அப்புறம் வடகிழக்குப் பருவமழை வேறு. இடிமழை வரும் நேரமும் சீரியல் நேரமும் ஒன்றாகவே இருக்கும். மேகம் கனத்து வரும்போதே படம் கட்டம் கட்டமாக உடைந்து, "சிக்னல் இல்லை" என்று வந்து நிற்கும். பெருமழை ஓய்ந்ததும் தானாகத் திரும்பிவிடும்.

இதற்கு ஓரளவு மருந்து உண்டு. 60 சென்டிமீட்டர் டிஷ்ஷுக்குப் பதில் 90 சென்டிமீட்டர் டிஷ் வைத்தால் பரப்பு இரண்டேகால் மடங்காகிறது. சாதாரண மழையைத் தாங்கும் தெம்பு அதில் வந்துவிடும். கொட்டும் மழைக்கு எந்த டிஷ்ஷும் தாங்காது.

மறைந்திருக்கும் செலவுகள் இதில் அதிகம். ரீசார்ஜ் முடிந்த நாளே சேனல் நின்றுவிடும், இரண்டு நாள் பொறுக்க ஆள் இல்லை. இரண்டாவது டிவிக்குத் தனிப் பாக்ஸ், தனிக் கட்டணம். நிறுவனம் மாறினால் பழைய பாக்ஸ் பயன்படாது. டிஷ்ஷையும் ஒயரையும் வைத்துக்கொள்ளலாம், ஆனால் திசையைத் திருப்பி வைக்க வேண்டும்.

சாட்டிலைட்டுக்கே ஒன்று ஆனால் என்ன ஆகும் என்பதையும் நாம் பார்த்திருக்கிறோம். 2010 ஜூலையில் இன்சாட்-4பி-யின் இரண்டு சூரியத் தகடுகளில் ஒன்றிலிருந்து மின்சாரம் வருவது நின்றது. சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் 24 டிரான்ஸ்பாண்டர்களில் பாதியை அணைக்க வேண்டியதாயிற்று. அதை நம்பியிருந்த சன் டைரக்ட், 91.5 பாகையில் இருந்த மலேசியச் சாட்டிலைட்டான மீசாட்-3-க்கு மாறியது. இரண்டு பாகைதான் வித்தியாசம் என்றாலும் மாடியில் இருக்கும் டிஷ்ஷை அசைக்காமல் முடியாது. 2015 நவம்பரில் ஏவிய ஜிசாட்-15-க்கும் 12 ஆண்டு ஆயுள் என்றுதான் திட்டமிட்டார்கள். பதிலுக்கு வரும் சாட்டிலைட் அதே இடத்தில் நின்றால் நமக்கு எதுவும் தெரியாது, இடம் மாறினால் ஆள் வர வேண்டும். ரிப்பேருக்கு யார் வருவார் என்று நான் திரும்பத் திரும்பக் கேட்பது இதனால்தான்.

## கேபிள்

தமிழ்நாடு அரசு கேபிள் டிவி நிறுவனம் தொடங்கியபோது முதலில் கட்டுப்பாட்டு அறை அமைத்த நான்கு ஊர்களில் வேலூரும் ஒன்று. 2011-ல் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். இப்போது அந்த விலை இல்லை. அரசு கேபிளோ தனியார் கேபிளோ, எந்தெந்தச் சேனல் வேண்டும் என்பதைப் பொறுத்து 150-க்கு மேல் 250-க்குள் நிற்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

நகரத்துக்குள் இருப்பவர்களுக்கு என் முதல் ஓட்டு கேபிளுக்குத்தான். காரணம், தெருவுக்குள்ளேயே ஆள் இருக்கிறார். போன் செய்தால் சாயங்காலத்துக்குள் ஏணியோடு வந்து நிற்பார். இந்த மாதம் பணம் கொடுக்க நான்கு நாள் தாமதமானால் "பரவாயில்லை, அடுத்த வாரம் வரேன்" என்பார். உள்ளூர்ச் சேனலில் கோயில் திருவிழாவும் ஊர்ச் செய்தியும் வரும். அரசு கேபிளில் 200-ம் எண்ணில் கல்வித் தொலைக்காட்சி வரும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டில் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இடைஞ்சல் கரண்ட்தான். கட்டுப்பாட்டு அறையிலிருந்து உங்கள் வீட்டுக்கு வரும் வழியில் கம்பங்களில் ஆம்ப்ளிஃபையர் பெட்டிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு எந்தத் தெருவிலிருந்து கரண்ட் வருகிறதோ அங்கே கரண்ட் போனால், உங்கள் வீட்டில் விளக்கு எரிந்தாலும் கேபிள் நின்றுவிடும். "மழை பெய்தால் கேபிளும்தான் போகிறது" என்பார்கள். அது பெரும்பாலும் சாட்டிலைட் சிக்னலால் இல்லை, இந்தப் பெட்டிகளால்தான். சாலை தோண்டும்போது ஒயர் அறுபடுவதும் உண்டு.

ஆள் சரியில்லாவிட்டால் கேபிளின் நன்மை எல்லாம் போய்விடும். ஒப்புக்கொள்ளும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரித்துவிடுங்கள்.

## ஃபைபர் நெட்டும் ஓடிடியும்

பிள்ளைகள் படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஏற்கெனவே வீட்டில் ஃபைபர் இருந்தால், டிவிக்கு என்று தனியாகப் பணம் கட்டுவது பல வீடுகளில் வீண். ஃபைபர் இல்லாமல், டிவிக்காக மட்டும் புதிதாகப் போடுவது லாபம் இல்லை. மாதம் 400, 500 ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஓடிடி சந்தா தனி. பழைய டிவி என்றால் ஆண்ட்ராய்டு பாக்ஸ் ஒன்றும் வாங்க வேண்டும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு எண்ணை அழுத்தினால் சேனல் வரும் வசதி இதில் இல்லை. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பகல் முழுக்க டிவி பார்ப்பது அவர்கள்தான்.

## ஒரே பார்வையில்

மாதக் கட்டணம் கேபிளுக்கு 200, டிடிஎச்சுக்கு 250, நெட்டுக்கு 500 மற்றும் வரி என்று வைத்துப் போட்ட கணக்கு இது. உங்கள் பேக்குக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள்.

| | ஃப்ரீ டிஷ் | கட்டண டிடிஎச் | கேபிள் | ஃபைபர் நெட் |
|---|---|---|---|---|
| 3 வருடச் செலவு | சுமார் 2,000 | சுமார் 10,700 | 7,200, பாக்ஸ் தனி | 21,000-க்கு மேல், ஓடிடி தனி |
| தமிழ்ச் சேனல்கள் | மிகக் குறைவு | நிறைய | நிறைய, உள்ளூர்ச் சேனலும் | சந்தாவைப் பொறுத்து |
| கனமழையில் | படம் நின்றுவிடும் | படம் நின்றுவிடும் | பெரும்பாலும் வரும் | வரும் |
| கரண்ட் போனால் | இன்வெர்ட்டர் போதும் | இன்வெர்ட்டர் போதும் | தெருவைப் பொறுத்தது | வழியிலுள்ள கருவிகளைப் பொறுத்தது |
| மலைக்கிராமத்தில் | கிடைக்கும் | கிடைக்கும் | அரிது | அரிது |
| ரிப்பேருக்கு | மாட்டிய ஆள் | நிறுவனத்து ஆள் | தெருவிலேயே | நெட் கொடுப்பவர் |

தோட்டத்து வீட்டில் இரண்டு டிவி என்றால் ஒன்றுக்குக் கட்டண டிடிஎச், இன்னொன்றுக்கு ஃப்ரீ டிஷ் என்று வைப்பதுதான் என் யோசனை. இரண்டாவது டிவிக்கு மாதச் செலவு வராது. ரீசார்ஜ் தீர்ந்த நாளில் செய்தி பார்க்கவும் ஒரு வழி இருக்கும். இரண்டு சேவையும் ஒரே திசையில் இருந்தால் தவிர, டிஷ் இரண்டு வேண்டும்.

"சாட்டிலைட் நெட் வாங்கி அதிலேயே டிவியும் பார்க்கலாமா?" என்றும் மலையிலிருந்து கேட்கிறார்கள். 2024 நவம்பரில் ஏவிய ஜிசாட்-என்2 இணையச் சேவைக்காகவே செய்யப்பட்டது, அதன் மொத்தத் திறன் 48 ஜிபிபிஎஸ். ஆனால் அவ்வளவு உயரத்துக்கு ஒரு கேள்வி போய், பதில் திரும்பி வர ஏறக்குறைய அரை விநாடி ஆகிவிடும். படம் பார்க்க அது பெரிய தொல்லையில்லை. வீடியோ காலில் பேச்சு முட்டிக்கொள்ளும். இந்தத் திறனை நாட்டின் பல மூலைகளுக்கும் பங்கிட வேண்டியிருப்பதால், ஒரு வீட்டில் நாள் முழுக்க டிவி ஓட்ட இது மலிவான வழியாக எனக்குத் தெரியவில்லை. ஒரே சிக்னலை எத்தனை லட்சம் வீடு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்பது டிடிஎச்சின் பலம். நெட்டில் வீட்டுக்கு வீடு தனியாக அனுப்ப வேண்டும்.

## டிஷ் மாட்டும் நாளில்

எதை எடுத்தாலும், டிஷ் என்றால் மாட்டும்போது கூடவே நில்லுங்கள். மாடிச் சுவரில் முடுக்கும் போல்ட் ஆடக்கூடாது. ஒரு பாகை அசைந்தாலே வானத்தில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் விலகிவிடும், முதல் மழையிலேயே படம் போகும். ஒயர் எல்.என்.பி.யில் சேரும் இடத்தை ரப்பர் டேப் சுற்றி மூடச் சொல்லுங்கள். நம் ஊர் வெயிலில் பிளாஸ்டிக் மூடி வெடித்து, அந்த விரிசல் வழியாகத்தான் மழைநீர் உள்ளே இறங்குகிறது. ஒயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் கீழே ஒரு வளைவு விட்டால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். குரங்கு வரும் ஊர் என்றால் ஒயரைத் தொங்கவிடாமல் குழாய்க்குள் விட வேண்டும்.

கடைசியில் பாக்ஸ் மெனுவில் சிக்னல் வலிமை, சிக்னல் தரம் என்று இரண்டு எண்கள் வரும். வெயில் நாளில் வரும் அந்த எண்களை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பிறகு படம் உடையும்போது அதோடு ஒப்பிட்டால் டிஷ் நகர்ந்ததா, பாக்ஸில் கோளாறா என்று போனிலேயே ரிப்பேர்காரரிடம் சொல்லிவிடலாம். அவரும் அதற்கான சாமானோடு வருவார்.